பாம்பெர்கில் எந்தக் கடையில் ஆரம்பிப்பது?

பாம்பெர்குக்கு பீர் குடிக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் போகிற இடம் ஒன்றுதான். ரயில் நிலையத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, பழைய ஊருக்குள் நுழைந்து, டொமினிகானர் தெருவில் இருக்கும் ஷ்லெங்கர்லாவின் கதவைத் திறப்பார்கள். புகை வாசம் தூக்கும் அந்தக் கருநிற பீரில் ஒன்று வாங்கி, ரெண்டு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊருக்குத் திரும்பியதும், "புகை பீரெல்லாம் நமக்கு ஒத்துவராதுப்பா" என்று ஒரு தீர்ப்பு. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ரெண்டு மிடறில் விளங்குவதற்காகச் செய்த பீர் அல்ல அது.

நான் இருப்பது நியூரம்பெர்கில். எஸ்-பான் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் எர்லாங்கன், ஃபோர்க்ஹைம் தாண்டி பாம்பெர்கிலேயே போய் நிற்கும். வண்டி ஓட்டுகிற கவலை இல்லை. மக்கள்தொகை 75,000-க்குச் சற்று மேல் உள்ள ஊர். பத்துக்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. பழைய நகரம் 1993-இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. ஊரைச் சுற்றியிருக்கும் மேல் ஃபிராங்கோனியா முழுக்கவே இப்படித்தான். ஆள் கணக்குக்கு இவ்வளவு ப்ரூவரிகள் உள்ள பகுதி உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று சொல்வார்கள். கோவில் கோபுரம் தெரிகிற தூரத்துக்குள் ஒரு ப்ரூவரி இருந்தே தீரும். பெரும்பாலும் குடும்பத்தொழில். பீர் காய்ச்சுகிறவரே மாலையில் குழாயைத் திறந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.

இந்த பீர்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அரை லிட்டர் முழுதாகக் குடிக்காமல் எதையும் சொல்வதில்லை. முடிந்தால் அதே பீரில் இன்னொன்று. மரப்பலகையில் நாலைந்து சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்துத் தருகிறார்களே, அந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படி வரிசையாகக் குடித்தால் எது இனிப்பு அதிகமோ, எதில் ஆல்கஹால் அதிகமோ, எதில் ஹாப்ஸ் வாசம் மூக்கைத் துளைக்கிறதோ அதுதான் ஜெயிக்கும். பக்கத்தில் இருக்கிற சாதுவான லாகர் தோற்றுப்போகும். பீருக்கு நட்சத்திரம் போடும் செயலிகளிலும் இதே கதைதான். 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றின ஸ்டவுட்டுகள் உச்சியில் உட்கார்ந்திருக்கும். ஒரு கிராமமே நூற்றாண்டுகளாகக் குடித்துவரும் பீர் நடுவில் எங்கேயோ கிடக்கும். ஃபிராங்கோனியாவின் பீர் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, பேசி, சாப்பிட்டுக் குடிப்பதற்கானது. அதை அப்படிக் குடித்துப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்ல வேண்டும்.

புகை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பீருக்கு அடிப்படை மால்ட். பார்லியை ஊறவைத்து, ஒரு வாரம் போல முளைகட்டி, முளை மேலே வளராதபடி சூட்டில் உலர்த்தி எடுப்பதுதான் மால்ட். அந்த உலர்த்தல் ஒரு காலத்தில் விறகு நெருப்பில்தான் நடந்தது. அடியில் தீ, மேலே ஓட்டைகள் போட்ட தளம், அதன்மேல் ஈரப் பார்லி. புகை பார்லிக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும். ஆகவே பழைய காலத்து பீர் பலவற்றில் புகை வாசம் கொஞ்சமாவது இருந்திருக்கும். புகை படாமல் சுடுகாற்றில் மட்டும் உலர்த்தும் சூளைகள் வந்து, 19-ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகு, மற்ற ஊர்கள் விறகை விட்டுவிட்டன. பாம்பெர்கில் ரெண்டு வீடுகள் மட்டும் விடவில்லை. ஷ்லெங்கர்லாவும் ஷ்பெட்சியாலும் இன்றைக்கும் தங்கள் மால்ட்டைத் தாங்களே பீச் மர விறகில் உலர்த்துகின்றன. விறகு எரியும்போது மரத்திலிருக்கும் லிக்னின் சிதைந்து குவையகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. மால்ட்டில் ஒட்டிக்கொள்வது அவைதான். கடைசியில் எசன்ஸ் கலந்து வருகிற வாசம் இல்லை. விறகு தேர்விலும், அது எவ்வளவு காய்ந்தது என்பதிலும், தீ எவ்வளவு நேரம் நின்றது என்பதிலும் இருக்கிற விஷயம்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் ஷ்பெட்சியால். ஊரின் மறுபக்கம், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஓபெரெ க்யோனிக் தெருவில் இருக்கிறது. 1536-லிருந்து நடக்கும் வீடு. உள்ளே இருண்ட மரப்பலகைச் சுவர், நீள மேசைகள். மேசை உங்களுக்கு மட்டும் என்று கிடையாது. இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். "சைட்லா" என்று கேட்டால் அரை லிட்டர் வரும்.

அங்கே ஊற்றும் புகை லாகர் செம்பு நிறம். கிளாஸை மூக்குக்கருகில் கொண்டுபோனால் முதலில் வருவது ரொட்டி மேலோட்டின் வாசம். அதன் பின்னால்தான், நிதானமாக, புகை. வாயில் மால்ட்டின் இனிப்பு லேசாகத் தட்டுப்படும்; விழுங்கும்போது புகை திரும்பி வந்து நாக்கின் பின்பக்கம் நிற்கும். ஹாப்ஸ் கசப்பு தன் வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாதி கிளாஸ் தாண்டியபின் கவனியுங்கள்: புகை குறைந்ததுபோலத் தோன்றும். பீர் மாறவில்லை, மூக்கு பழகிவிட்டது. அந்த வாசம் பின்னால் போனதும் அதுவரை மறைந்திருந்த மால்ட்டின் ருசி மேலே வரும். இந்த இடத்துக்காகத்தான் முழு கிளாஸ் குடியுங்கள் என்று கெஞ்சுகிறேன். ரெண்டு மிடறோடு எழுந்துவிடுகிறவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

இதற்கப்புறம் ஷ்லெங்கர்லாவுக்குப் போகலாம். 1405-ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே பேர் வருகிற வீடு. இப்போது ட்ரூம் குடும்பத்தின் கையில் இருக்கிறது. சாப்பாட்டுக் கூடங்களில் ஒன்று பழைய மடாலயத்தின் பகுதி, மேலே வளைவு வளைவான கூரை. பீர் மரப் பீப்பாயிலிருந்து வருகிறது. வாயு அழுத்தம் எதுவும் கிடையாது. பீப்பாயை மேசைமேல் ஏற்றி, குழாயை அடித்து இறக்கி, தன் எடையில் தானே இறங்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மாலை நேரத்தில் தெருவிலேயே கிளாஸும் கையுமாக ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

அங்கே மெர்ட்சென்தான் முதன்மையான பீர். ஆல்கஹால் 5.1 சதவீதம். வெளிச்சத்தில் பிடித்தால் கருப்பின் ஓரத்தில் சிவப்பு தெரியும். நுரை பழுப்பு. புகை இங்கே பின்னால் நிற்பதில்லை, முன்னால் வந்து கதவைத் திறக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நண்பனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு மிடறு குடித்தவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"டேய், அடுப்புல கருவாடு சுட்டுட்டு அதே கையோட பீர ஊத்திக் குடுத்த மாதிரி இருக்குடா."

"பாதி கிளாஸ் வரைக்கும் ஒண்ணும் சொல்லாத மச்சான். குடி."

பாதி கிளாஸில் அவன் பேசவில்லை. முழு கிளாஸ் முடிந்ததும், "தப்பில்ல, ஆனா காலைல குடிச்சோம்ல, அதுதான்டா எனக்கு" என்றான். ஷ்பெட்சியாலைச் சொன்னான். அது நேர்மையான முடிவு. ஷ்லெங்கர்லா எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று இல்லை. பழகிய பிறகு பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கிறது. அந்த வீட்டின் பீர் அட்டையிலேயே, முதல் மிடறில் விநோதமாகப் பட்டாலும் நிறுத்திவிடாதீர்கள், போகப்போகத் தாகமும் இன்பமும் கூடும் என்ற பொருளில் பழைய மாதிரி வாசகம் ஒன்று அச்சாகியிருக்கும். குடிப்பவரின் பொறுமையை இப்படி வெளிப்படையாகக் கேட்கிற ப்ரூவரி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

என்னுடைய தீர்ப்பு: மெர்ட்சென் சாப்பாட்டோடு சேரும்போது மிகப் பெரிய பீர். தனியாகக் குடித்தால் ரெண்டாவது கிளாஸுக்கு மேல் எனக்குப் போகாது. காரமான சீஸ், புளிப்பு ரொட்டி, வெங்காயம் வைத்துக் குடித்துப் பாருங்கள். புகை சாப்பாட்டோடு போய்விடும், பீர் லேசாகிவிடும். இந்த ஊருக்கென்றே ஒரு பலகாரம் இருக்கிறது: பெரிய வெங்காயத்தைக் குடைந்து உள்ளே கொத்துக்கறி அடைத்து, பீர் சேர்த்த குழம்போடு தருவார்கள். இறைச்சி சாப்பிடுகிறவர்கள் அதையும் மெர்ட்செனையும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

அதே வீட்டில் ஒரு வெளிர் லாகரும் உண்டு. அதற்குப் புகை மால்ட் போடுவதே இல்லை. ஆனாலும் புகை வாசம் வரும்! அதே செப்புக் கொப்பரையில் காய்ச்சுவதாலும், புகை பீரில் வேலை செய்த அதே ஈஸ்ட்டைப் போடுவதாலும் வருகிற சாயல் அது. புகை பீருக்குப் பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். குளிர்காலம் நெருங்கும் அக்டோபரில் ஊர்போக் வரும், 6.5 சதவீதம், ஸ்டெபன்ஸ்பெர்க் மலையடியில் பாறைக்குள் குடைந்த நிலவறைகளில் மாதக்கணக்கில் கிடந்து முதிர்ந்தது. கிறிஸ்துமஸை ஒட்டி வருவது ஐஹெ, பீச்சுக்குப் பதிலாக ஓக் விறகில் உலர்த்திய மால்ட், 8 சதவீதம். ஓக் புகை மென்மையானது. பீச்சின் கூர்மை இதில் இல்லை. இனிப்பும் புகையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். இந்த ஊரின் புகை பீர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் ஐஹெதான். பாட்டிலில் வாங்கி இருட்டான இடத்தில் ஒரு வருஷம் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

புகையை மட்டும் பேசிவிட்டுப் போனால் பாம்பெர்குக்குச் செய்கிற அநியாயம். வுண்டர்புர்க் என்கிற பகுதியில், சுற்றுலாக்காரர்கள் கொஞ்சம் குறைவாக வருகிற தெருவில், மார்ஸ் ப்ரோய் இருக்கிறது. 1670-லிருந்து. உள்ளே போய் "ஆ ஊ" என்று கேட்டால் போதும், ஊற்றிவிடுவார்கள். அந்த வீட்டின் லாகருக்கு வாய்பேச்சில் அதுதான் பேர். பீர் முதிரும்போது பீப்பாயின் வாயை இறுக்கி அடைத்தால் ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு உள்ளேயே கரைந்து நிற்கும். கடையில் வாங்குகிற லாகர் சுள்ளென்று நாக்கில் ஏறுவது அதனால்தான். வாயை அடைக்காமல் விட்டால் வாயுவில் பெரும்பகுதி போய்விடும். அப்படி விட்டதுதான் இந்த ஊ. வடிகட்டுவதும் இல்லை. கலங்கலான செம்மஞ்சள் நிறம், 5.2 சதவீதம்.

வாயு குறைவு என்றால் சப்பென்று இருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. வயிறு உப்புவதில்லை, ஏப்பம் வருவதில்லை. நாக்கைக் குத்துகிற முள் போய்விட்டதால் மால்ட்டின் எல்லா அடுக்கும் தெரிகிறது: ரொட்டி, கொட்டைப் பருப்பு, கொஞ்சம் தேன், முடிவில் உலர்ந்த புல் மாதிரி ஹாப்ஸ். இன்னொரு விஷயம், இந்த பீர்களை உறைபனிக் குளிரில் தருவதில்லை. 8 டிகிரியை ஒட்டி வரும். நம் ஊரில் பாட்டில் வியர்த்து வழிந்தால்தான் நல்ல பீர் என்று பழகிவிட்டோம்; அந்த வெயிலுக்கு அது நியாயமும்கூட. ஆனால் அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும். மால்ட் பேசுவது கேட்காது. வேறொரு நகரத்தில், நவீனமான ஒரு பாரில், இதே ஊவை பாட்டிலில் வரவழைத்து, உறைய வைத்த கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார்கள். அது வேறு பீராகிவிட்டது. குளிர்ந்த, லேசான கசப்புள்ள ஒரு திரவம், அவ்வளவுதான்.

என் பட்டியலில் முதலிடம் இந்த ஊவுக்குத்தான். புகை பீர்களையும் சேர்த்தே சொல்கிறேன். உலகத்தில் தினமும் குடிக்கக் கூடிய ஒரே ஒரு பீரைத் தேர்ந்தெடு என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

மார்ஸுக்கு எதிரே கேஸ்மன். அவர்களுடைய ஹெரன் பில்ஸ் வெளிர் நிறம், கசப்பு சுத்தமாக வெட்டி நிறுத்தியது போல முடியும். மார்ஸில் ஒன்று, தெருவைத் தாண்டி கேஸ்மனில் ஒன்று என்று குடித்தால் ஒரே தெருவில் ரெண்டு தத்துவங்கள் தெரியும். ஷ்பெட்சியாலுக்கு எதிரே இருக்கிற ஃபெஸ்லாவையும் விடாதீர்கள். 1649-இல் தொடங்கியது, 8.5 சதவீத பாம்பெர்காட்டர் அங்கே கிடைக்கும். அதை மட்டும் நாளின் கடைசியில், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்துக்கு அருகில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு செங்கல் கட்டடம் தெரியும். அது வையர்மன் மால்ட் ஆலை, 1879-இல் ஆரம்பித்தது. உலகெங்கும் சின்ன ப்ரூவரிகள் வாங்குகிற மால்ட் மூட்டைகளில் பல இந்த ஊரிலிருந்து போகின்றன.

கோடையில் போனால் கடைக்குள் உட்காராதீர்கள். மலைமேல் ஏறிவிடுங்கள். பவேரியாவில் 1553-லிருந்து வெயில் காலத்தில், ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, பீர் காய்ச்சத் தடை இருந்தது. சூட்டில் பீர் கெட்டுப்போகும், தீ விபத்தும் நடக்கும். அதனால் மார்ச்சில் கொஞ்சம் கனமாகக் காய்ச்சி, கோடை முழுக்கக் கெடாமல் வைத்துக்கொள்வார்கள். மெர்ட்சென் வந்த வழி அதுதான். வைத்துக்கொள்வதற்குக் குளிர்ந்த இடம் வேண்டுமே? மலையைக் குடைந்தார்கள். மேலே மண் சூடாகாமலிருக்க நிழல் தரும் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் அடியில் மேசை போட்டார்கள். 1870-களில் கார்ல் ஃபொன் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் வந்ததும் குடைவுகளுக்கு அவசியம் போயிற்று, மரமும் மேசையும் நின்றுவிட்டன.

ஷ்பெட்சியாலின் மலைத் தோட்டத்தில் உட்கார்ந்தால் எதிரே கதீட்ரலின் நாலு கோபுரங்களும் முழுசாகத் தெரியும். இந்த மாதிரி பல தோட்டங்களில் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம், பீர் மட்டும் அங்கே வாங்கினால் போதும். மியூனிக்கில் 1812-இல் மன்னர் முதலாம் மேக்ஸிமிலியன் போட்ட ஆணையில், ப்ரூவரிக்காரர்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ரொட்டிக்கு மேல் சாப்பாடு விற்கக் கூடாது என்று இருந்தது. உணவகக்காரர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. கட்டுச்சோறு கொண்டுபோகிற உரிமைக்குப் பவேரியாவில் அதைத்தான் மூலமாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவோம். புளியோதரைக்கும் புகை லாகருக்கும் பொருத்தம் அபாரம். நல்லெண்ணெயும் பெருங்காயமும் புகையோடு சண்டை போடாமல் சேர்ந்துகொள்கின்றன. பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தால் ஒரு கரண்டி வைத்துக் கொடுங்கள். அவர்கள் முள்ளங்கி தருவார்கள்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு அவுஃப்செஸ். பாம்பெர்குக்குக் கிழக்கே, சுண்ணாம்புப் பாறைகளும் ஓடைகளுமான நாட்டுப்புறம். சில கிராமங்கள் சேர்ந்த ஒரு சின்ன ஊராட்சி, 1,500 பேர்கூட இல்லை, நாலு ப்ரூவரிகள். ஆளுக்கு இத்தனை ப்ரூவரி என்ற கணக்கில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த ஊர். அவுஃப்செஸில் ரோட்டென்பாஹ், சாக்சென்டோர்ஃபில் ஷ்டாட்டர், ஹோக்ஷ்டாலில் ரைஹோல்ட், ஹெக்கென்ஹோஃபில் காட்டி ப்ரோய். நாலையும் இணைக்கிற நடைபாதை சுமார் 14 கிலோமீட்டர், வயலும் காடும் மாறி மாறி வரும்.

இங்கே கரும் லாகர்தான் ராஜா. ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. காட்டி ப்ரோயின் பீர் கருகின சர்க்கரை வாசத்தோடு, மெல்லிய உடம்போடு இருக்கும். அந்த முற்றத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. ஷ்டாட்டர் எனக்கு இந்த நாலில் உசத்தி. வாயு குறைவு, ரொட்டி ருசி நிறைய, அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு கிராமத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு மணி நேர நடை தூரம். அதற்குள் ருசி இவ்வளவு மாறுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வேறு, ஈஸ்ட் வேறு, கை வேறு.

இப்படிப்பட்ட கிராமத்து ப்ரூவரிகளை நினைத்தால் எனக்குக் கவலையும் இருக்கிறது. ஜெர்மனியில் பீர் குடிப்பது வருஷா வருஷம் குறைந்துவருகிறது. அப்பாவுக்குப் பிறகு கொப்பரையை எடுத்து நடத்தப் பிள்ளைகள் வராத வீடுகளும் இருக்கின்றன. ஒரு வீடு மூடினால் அந்த ருசிக்கு இன்னொரு பிரதி எங்கேயும் கிடையாது. வெளியூருக்கு அனுப்புவதில்லை, விளம்பரம் செய்வதில்லை. போய் உட்கார்ந்து குடிப்பவர்கள்தான் அவர்களுக்கு எல்லாமே. ஷ்லெங்கர்லா பாட்டில் கடல் தாண்டியும் போகிறது, அதற்கு நம் உதவி தேவையில்லை. ஷ்டாட்டருக்குத் தேவை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிராமத்துக் கடைகளில் வாராந்திர விடுமுறை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கார்டு எல்லா இடத்திலும் எடுபடாது. வண்டி ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஆரம்பிக்காதீர்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மதியம் ஷ்பெட்சியால், மாலையில் வெங்காயமும் மெர்ட்செனும் ஷ்லெங்கர்லாவில், ராத்திரி ரயிலுக்கு முன் மார்ஸில் ஒரு ஊ. ரெண்டு நாள் இருந்தால் ரெண்டாவது நாளை அவுஃப்செஸுக்குக் கொடுங்கள். சாக்சென்டோர்ஃபிலிருந்து நடையைத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் மேட்டுப் பாதை முடிந்துவிடும்.